நிலாவில் இருப்பது முயலா, மனிதனா?

பௌர்ணமி நிலவின் கறுத்த திட்டுகள் ஒன்றுதான். அதில் கண்டது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

பௌத்தக் கதையில் அது முயல். பசியோடு வந்த அந்தணருக்குக் கொடுக்க முயலிடம் புல்லைத் தவிர எதுவும் இல்லை. மேலில் ஒட்டியிருந்த பூச்சிகள் சாகக்கூடாதே என்று உடலை மூன்று முறை உதறிவிட்டுத் தானே நெருப்பில் குதித்தது. தீ சுடவில்லை. அந்தணராக வந்த தேவர்களின் அரசன் சக்கன், அதன் உருவத்தை நிலவில் வரைந்தான். அந்த உதறலை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். நிலவின் சசி என்ற பெயருக்கே முயலை உடையவன் என்றுதான் பொருள். தமிழிலும் அந்தத் திட்டை முயற்கறை என்கிறோம்.

ஐரோப்பியக் கதையில் அது மனிதன். ஓய்வுநாளில் சுள்ளி பொறுக்கியதற்காக, முதுகில் கட்டோடு நிலவுக்குத் துரத்தப்பட்டவன். அங்கே எச்சரிக்கை, இங்கே ஈகை. எனக்கு முயல்தான்.

சரி, உண்மையில் அவை உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளிகள். அது தெரிந்த பிறகும் முதலில் காதுகள்தான் கண்ணில் படுகின்றன.