நலங்கு மாவா, மணமில்லாத கட்டியா?

இரண்டு வருடம் நலங்கு மாவு தேய்த்துக் குளித்தேன், இப்போது ஏழு மாதமாக மணமில்லாத சின்டெட் பார், அதாவது சோப்புக்குப் பதில் செயற்கை நுரைப்பொருளில் செய்த குளியல் கட்டி. என் ஓட்டு பாருக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசனை என்று பார்த்தால் மாவுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. பார் விலை கூட, ஈரத்தில் வைத்தால் கொழகொழவென்று கரைந்தும் போகும். மாவு குளியலறைச் சல்லடையை அடைக்கும், ஈரக்கை பட்டால் டப்பாவுக்குள் கட்டி கட்டும், அப்புறம் வண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

என் கதை கழுத்தில் ஆரம்பித்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பதினெட்டுச் சரக்கு: பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல், கார்போக அரிசி என்று போகும். ஏப்ரல் வெயிலில் இந்த மாவைக் குழைத்துப் பூசி இருபது நிமிடம் ஊறவிட்டுக் குளித்துவிட்டு வண்டியில் ஆபீஸ் போவேன். கழுத்தும் முன்கையும் சிவந்து எரிந்தன, பிறகு காப்பிக் கறை மாதிரி கறுத்தன. துணி மூடிய முதுகில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மாவை நான் சந்தேகப்படவில்லை, இயற்கைதானே என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூசினேன்!

தோல் மருத்துவர் சரக்குப் பட்டியலைக் கேட்டார். நான் படித்துக்கொண்டே போக, கார்போக அரிசியில் நிறுத்தினார். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு நிறம் வரவைக்க சோரலென் கொடுத்து, அளந்து புற ஊதா ஒளி காட்டுவது ஒரு சிகிச்சையே. அளவில்லாமல் பூசிக்கொண்டு வெயிலில் போனால் அதே பொருள் தோலைப் பொசுக்கிவிடும். அதுவும் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும், அதனால் குளியலோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. எலுமிச்சையிலும் இந்த வகைப் பொருட்கள் உண்டு. இதில் எது என் கழுத்தைக் கெடுத்தது என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை.

நான் பார் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம் இதுதான். எரிச்சல் வராத பொருள் என்று எதுவும் கிடையாது, வந்தால் குற்றவாளியைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பதினெட்டுச் சரக்கில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க எத்தனை மாதம் ஆகும்? அதிலும் இந்த முறை கஸ்தூரி மஞ்சள் என்று கடைக்காரர் மடித்துக் கொடுத்தது நிஜமாகவே கஸ்தூரி மஞ்சள்தானா என்பது அவருக்கே வெளிச்சம். மில்லிலும் ஒரு வம்பு இருக்கிறது, நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் தீர்ந்தது கதை. பாரின் அட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சடித்திருக்கும். ஒவ்வாமை சந்தேகம் வந்தால் முதுகில் பட்டை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதற்கு அடுத்த நாளோ மறுநாளோ இன்னொரு முறை பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. மணப்பொருள், கெடாமல் காக்கும் பொருள் எல்லாம் அந்த டெஸ்டின் வழக்கமான பட்டியலில் வரும். பூலாங்கிழங்கு வராது.

கார அமிலத்தன்மையும் பாருக்குச் சாதகம்தான். சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும், தோலுக்கு 5 சுற்றி இருந்தால்தான் நிம்மதி, சின்டெட் அதற்குக் கிட்டத்தில் வரும். ஆனால் இது ‘ஹெர்பல்’ என்று எழுதிய சோப்புக்கு எதிரான வாதம், மாவு சோப்பே இல்லை, எனவே இதை நான் ரொம்ப இழுக்கப் போவதில்லை.

பாரும் யோக்கியன் இல்லை. தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் கோகமிடோப்ரோபைல் பீட்டெய்ன் என்ற நுரைப்பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள், வாடையை அமுக்க மணப்பொருள் சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருக்க வேண்டும், பின்பக்கத்தில் ‘பர்ஃப்யூம்’ என்ற சொல் இருக்கக் கூடாது. எனக்கு வறண்ட தோல். எண்ணெய் வழியும் முகத்துக்கு இது எப்படி என்று நான் சொன்னால் அது சும்மா அளப்பது. கைக்குழந்தைக்கு எது என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

மாவை விட மனமில்லை என்றால் வெறும் பயத்தம் மாவில் தொடங்குங்கள், கார்போக அரிசியும் எலுமிச்சைத் தோலும் வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒருநாள் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று முகத்துக்குப் போவதில் அர்த்தமில்லை, ஒவ்வாமை அவ்வளவு சீக்கிரம் முகம் காட்டாது. மில்லில் முதலில் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

கழுத்துக் கறை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சமிருந்த அரைக் கிலோ மாவை அம்மா எடுத்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, ஐம்பது வருடமாக இதைத்தான் தேய்க்கிறார், ஒரு கொப்புளம் கிடையாது. “உனக்குத்தான் எதுவும் சேராது” என்கிறார்.