பிராங்கன்ஸ்டைன்: 1818-ஆ, 1823-ஆ, 1831-ஆ?

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குப் பழைய பிரதி ஒன்று வேண்டும் என்று தேடினால், மூன்று லண்டன் பதிப்புகள் முன்னால் வந்து நிற்கும். மூன்றும் அவர் உயிரோடு இருந்தபோதே வந்தவை. கோடீஸ்வரர்கள் 1818-ஐத் துரத்துகிறார்கள். என் மனம் நிற்பது 1831-இல்.

முதலில் 1818. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று மூன்று தொகுதிகளாக வந்தது. அச்சிட்டது 500 பிரதிகள்தான். ஆசிரியர் பெயரே கிடையாது. முன்னுரையைக் கணவர் பெர்சி எழுதியிருந்தார், சமர்ப்பணம் மேரியின் அப்பா, எழுத்தாளர் வில்லியம் காட்வினுக்கு. அதனால் நாவலே பெர்சியுடையது என்று நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் போன்றவர்களே நினைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் புத்தகத்தைச் சாதாரண காகித அட்டையோடு விற்பார்கள். வாங்கியவர் தன் விருப்பப்படி தோல் பைண்டிங் போட்டுக்கொள்வார். பைண்டிங் செய்தவர் ஓரங்களை வெட்டுவார், தலைப்புக்கு முந்தைய தாளைத் தூக்கி எறிந்துவிடுவார். பழைய காகித அட்டையோடு அப்படியே தப்பிய ஒரு பிரதி 2021-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 11.7 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு மேல் அதைப் பற்றி நாம் என்ன பேச?

1823-ஐப் பலரும் கண்டுகொள்வதில்லை. நாவலைத் தழுவிய நாடகம் அந்த ஆண்டு லண்டனில் நன்றாக ஓடியது. அந்தச் சூட்டோடு காட்வின் இதை இரண்டு தொகுதிகளாக மறுபடி கொண்டுவந்தார். தலைப்புப் பக்கத்தில் மேரியின் பெயர் முதன்முதலாக வந்தது இதில்தான். எனக்கு அந்த ஒரு பக்கமே பெரிய விஷயம். ஆனால் இதுவும் எளிதில் அகப்படாது. கதையும் பெரும்பாலும் 1818-இல் இருந்ததுதான்.

1831-இல்தான் புத்தகமே மாறுகிறது. கதையின் நாயகன் விக்டர், உயிருள்ள ஓர் உருவத்தைப் படைப்பவன். 1818-இல் அவன் மணக்கும் எலிசபெத் அவனுக்கு அத்தை மகள். நம் கணக்கில் முறைப்பெண். 1831-இல் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து எடுத்து வளர்த்த பெண்ணாகிவிடுகிறாள். முன்பு தன் முடிவுகளால் கெட்ட விக்டர், இப்போது விதி இழுத்த வழியில் போகிறான். அறிஞர்கள் பலர் 1818-இன் கூர்மையைத்தான் விரும்புகிறார்கள். அது நியாயமும்கூட. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் மேரி இரண்டு குழந்தைகளையும் கணவரையும் பறிகொடுத்திருந்தார். இறந்த மகனின் பெயர் வில்லியம்; கதையில் கொலையாகும் சிறுவன் பெயரும் வில்லியம். திருத்தும்போதும் அந்தப் பெயரை அவர் மாற்றவில்லை. அந்தப் பக்கங்களை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாகப் புரட்ட முடிந்ததில்லை.

1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் கதை பிறந்த விதத்தை மேரியே சொல்லும் முன்னுரையும், விழித்தெழும் உருவத்தைக் கண்டு விக்டர் ஓடுவதைக் காட்டும், ஓவியர் வான் ஹோல்ஸ்ட் வரைந்த படமும் இந்தப் பதிப்பில்தான் முதலில் வந்தன. ஒரே தொகுதி, விலை ஆறு ஷில்லிங். நிறைய விற்றதால் இன்றும் 1818-ஐவிட எவ்வளவோ எளிதாகக் கிடைக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பக்கங்களை உலோகத் தகடாக வார்த்து வைத்திருந்ததால் பல ஆண்டுகள் அதே அச்சில் மறுபடி மறுபடி போட்டார்கள். தலைப்புப் பக்கத்தில் 1831 என்ற ஆண்டும், பதிப்பாளர்கள் கோல்பர்ன், பென்ட்லி இருவர் பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள்: ஜெர்மன் எழுத்தாளர் ஷில்லரின் பேய்க்கதை ஒன்றின் முதல் பகுதி இதே தொகுதியில்தான் சேர்ந்து வந்தது. அது இல்லையென்றால் பிரதி முழுசு இல்லை.