சாட்பாட்டிடம் பங்கைக் கேட்பதா, ஆண்டறிக்கையைக் கொடுத்துக் கேட்பதா?

ஏஐ வைத்துப் பங்கு அலசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஒன்றைத் திறந்து "இந்தப் பங்கு எப்படி, வாங்கலாமா?" என்று நேராகக் கேட்பவர்கள் ஒரு வகை. கம்பெனியின் ஆண்டறிக்கையையும் கான்கால் (காலாண்டு முடிவு பற்றி நிர்வாகம் முதலீட்டாளர்களோடு பேசும் தொலைபேசிக் கூட்டம்) டிரான்ஸ்கிரிப்டுகளையும் ஏற்றிவிட்டு, அதற்குள்ளிருந்து மட்டும் பதில் கேட்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவதற்கு நான் வைத்திருப்பது கூகுளின் நோட்புக்எல்எம். இரண்டையும் புழங்கிய பிறகு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் இதை நடுநிலை ஒப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேராகக் கேட்பதன் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழக்கமில்லாத துறைக்குள் நுழையும்போது இன்றும் முதலில் அங்கேதான் போகிறேன். வங்கிப் பங்குக்கு ஏன் இபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) பார்ப்பதில்லை, சிமென்ட்டில் சரக்குக் கூலி ஏன் லாபத்தைத் தின்கிறது என்பதையெல்லாம் சலிக்காமல் விளக்கும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் கோபப்படாது.

எண் என்று வந்துவிட்டால்தான் சிக்கல். ஐடிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹோட்டல் தொழில் 2025 ஜனவரி 1 முதல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. கணக்கியல் விதிப்படி அந்தப் பிரிவினையால் 15,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபமாக ஏட்டில் ஏறியது. கல்லாவுக்குக் காசு எதுவும் வரவில்லை. 2024-25 நிகர லாபத்தை அப்படியே எடுத்து பி.இ. (பங்கின் விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட்டால் பங்கு மலிவு விலையில் கிடப்பதுபோல் தெரியும். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம், அதனால் விலையும் பாதியளவுக்கு இறங்கும்) கொடுத்தது. அதற்கு முந்தைய அறிக்கையின் இபிஎஸ்ஸை (ஒரு பங்குக்கான லாபம்) இன்றைய விலையோடு சேர்த்தால் பி.இ. பாதியாகிவிடும். சாட்பாட் இதையெல்லாம் சரியாகச் சொல்லும் நாளும் உண்டு, சொல்லாத நாளும் உண்டு. இரண்டு நாளும் ஒரே தன்னம்பிக்கையோடு பேசுவதுதான் தொல்லை. தப்பான எண்ணும் சரியான எண்ணும் ஒரே மாதிரி அழகான அட்டவணையில் வந்து உட்காரும்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற விஷயம் இது ஒன்றுதான்: வந்த எண்ணைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? நேராகக் கேட்டு வாங்கிய பதிலில் பத்து எண் இருந்தால், பத்தையும் நானே தேடியாக வேண்டும். அந்த எண் ஸ்டாண்ட்அலோனா (கம்பெனி மட்டும்) கன்சாலிடேட்டடா (துணை நிறுவனங்களையும் சேர்த்து), எந்த நிதியாண்டு, கோடியா மில்லியனா என்று பார்ப்பதற்குள் ஏஐ மிச்சப்படுத்திய நேரமெல்லாம் போய்விடும். இணையத்தில் தேடிச் சுட்டி கொடுக்கும் வசதி இப்போது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தச் சுட்டி பாதி நேரம் ஏதாவது செய்தித்தளத்துக்குத்தான் போகிறது, அறிக்கைக்குப் போவதில்லை.

நோட்புக்எல்எம்மில் பதிலோடு சின்னச் சின்ன எண்கள் வரும். அதை அழுத்தினால், நாம் ஏற்றிய ஆவணத்தில் அந்த வரி இருக்கும் இடமே திறக்கும். இதிலும் தவறு வரும். ஒரே ஆண்டறிக்கைக்குள் ஸ்டாண்ட்அலோன், கன்சாலிடேட்டட் இரண்டு கணக்கும் இருப்பதால் மாற்றி எடுத்துவிடலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அட்டவணை குழம்பிப்போகும். ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று கண்ணெதிரே தெரிவதால், தவறு சில நொடிகளில் பிடிபடும்.

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கை இப்போது முன்னூறு, நானூறு பக்கம் சாதாரணம். சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய) அறிக்கை கட்டாயமானதும் அதற்கு ஒரு காரணம். நமக்கு வேண்டியது பின்பக்கத்துக் குறிப்புகளில் இருக்கும்: தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனை, வழக்கில் கிடக்கும் வரிப் பாக்கி, ஆடிட்டர் தனியாகக் குறிப்பிட்ட விஷயங்கள். "வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறியிருக்கிறதா, மூன்று வருஷ எண்ணைக் கொடு" என்று கேட்டால் வேலை முடிந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த பயன் ஒன்று உண்டு. கான்கால் நடத்தும் கம்பெனி, பேசியதை எழுத்து வடிவில் 5 வேலை நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எட்டு காலாண்டு டிரான்ஸ்கிரிப்டுகளை ஒரே நோட்புக்கில் ஏற்றுங்கள். இலவசக் கணக்கிலேயே 50 ஆவணம் வரை இடம் இருக்கிறது. பிறகு, "புதிய ஆலை எப்போது தொடங்கும் என்று ஒவ்வொரு காலாண்டிலும் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். "அடுத்த காலாண்டு" என்ற பதில் எத்தனை முறை தள்ளிப்போனது என்று வரிசையாக வந்து நிற்கும். உட்கார்ந்து படித்தால் நாமும் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் வேலைக்குப் போகிறவர்களில் யார் படிக்கிறோம்?

இந்த வழிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. கம்பெனி தன்னைப் பற்றித் தானே எழுதியதைத்தான் அது படிக்கிறது. அதை மட்டும் கொடுத்தால், சேர்மன் உரையின் உற்சாகம் அப்படியே பதிலிலும் ஏறிவிடும். போட்டிக் கம்பெனியின் அறிக்கையையும், கிரிசில், இக்ரா, கேர் போன்ற கடன் ரேட்டிங் நிறுவனங்கள் வெளியிடும் விளக்கக் குறிப்பையும் சேர்த்தே ஏற்றுகிறேன். கடன் கொடுப்பவன் கண்ணால் எழுதிய அந்தக் குறிப்பில் சர்க்கரை பூச்சு குறைவு, அதுவும் இலவசம்.

பத்து வருஷ எண்களை வரிசையாகப் பார்க்க இரண்டுமே வேண்டாம், ஸ்க்ரீனர் தளம் போதும். வரி விஷயத்தில் நேராகக் கேட்பதை நான் அறவே நிறுத்திவிட்டேன். 2024 ஜூலை 23 முதல் பங்கின் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், விலக்கு 1.25 லட்சம். நினைவிலிருந்து பேசும் சாட்பாட் பழைய 10 சதவீதத்தையும் ஒரு லட்சத்தையும் சொல்ல வாய்ப்பு உண்டு. "வாங்கலாமா?" என்ற கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்பதில்லை. நாம் கேட்கிற தொனிக்கு ஏற்ப அது தலையாட்டும். செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் ஏஐ பயன்படுத்தினாலும் பொறுப்பு அவருடையது. சாட்பாட்டிடம் நாம் நேராகக் கேட்டால் பொறுப்பேற்க எதிரே யாரும் இல்லை.

என் அனுபவம் பெரும்பாலும் பெரிய, நடுத்தரக் கம்பெனிகளோடுதான். கான்காலே நடத்தாத சின்னக் கம்பெனிகளில் ஏற்றுவதற்கு ஆண்டறிக்கை தவிர அதிகம் கிடைக்காது. அங்கே இந்த வழி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆப்ஷன் வர்த்தகத்துக்கு இரண்டையும் நான் தொட்டதில்லை. பங்குத் தரகர் ஸெரோதாவின் கைட் எம்சிபி போல, போர்ட்ஃபோலியோவையே சாட்பாட்டோடு இணைக்கும் வசதிகளும் வந்துவிட்டன. அதை இன்னும் இணைக்கவில்லை. கான்ட்ராக்ட் நோட்டையும் (வாங்கி விற்றதற்குத் தரகர் அனுப்பும் ரசீது) எங்கேயும் ஏற்றுவதில்லை, அதில் பான் எண் இருக்கிறது.