கோலாலம்பூரில் மைக் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: "மென்பொருள் போட்டால் ஸ்டூடியோ குரல்" என்று சொல்லி 1,480 வெள்ளி பிடுங்கிவிட்டார்கள்

1,480 வெள்ளி. மலிவு மைக்கில் பேசினாலும் விலை உயர்ந்த மைக்கில் பேசின மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்ட கடைக்காரர்கள் இப்போது என் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் "சரி விடு, போனது போகட்டும்" என்று பேசிப் பேசியே என்னை அடக்கிவிடுவார்கள். மைக் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. நகரத்துக்குள், மின்சாதனக் கடைகள் நிறைந்த ஒரு பேரங்காடியின் மேல்மாடி. மைக், ஸ்பீக்கர், கரோக்கே செட் விற்கும் சின்னக் கடை. முகநூலில் நேரலை போட்டும் விற்கிறார்கள்.

நான் இருப்பது செந்தூலில். தமிழில் குரல் கொடுப்பது என் பகுதிநேர வேலை. கடை விளம்பரம், கல்யாணக் காணொளிக்குப் பின்னணி, கொஞ்ச நாளாகப் பிள்ளைகளுக்கான கதைப் பதிவு. அதுவரை கைப்பேசியிலேயே பதிவு செய்துகொண்டிருந்தேன். கதை கேட்ட பாலர் பள்ளிக்காரர்கள், "குரல் நல்லா இருக்கு, ஆனா தூரத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றார்கள். அதனால்தான் 500 வெள்ளிக்குள் ஒரு நல்ல மைக் பார்க்கலாம் என்று போனேன்.

கடையில் இருந்த தம்பி தமிழ்ப் பையன். மரியாதையாக உட்காரவைத்து, என்ன வேலை, எந்த மாதிரிப் பதிவு என்றெல்லாம் கேட்டான். "அக்கா, உங்க குரலுக்கு 500 வெள்ளி மைக் வேஸ்ட். ஒண்ணு போட்டுக் காட்டறேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று ஹெட்ஃபோனை மாட்டிவிட்டான். ஒரு ஆண் குரல், ஒரே வசனம், இரண்டு தடவை. முதல் தடவை சப்பென்று இருந்தது. இரண்டாவது தடவை, வானொலியில் செய்தி வாசிப்பவர் காதோரம் வந்து பேசுவதைப்போல் கனமாக, பக்கத்தில், பளிச்சென்று. "முதல்ல கேட்டது வெறும் மைக். அடுத்தது அதே மைக், அதே பதிவு, நம்ம மென்பொருள் போட்டது. இப்ப நீங்க கேட்டது நியூமன் யு 87 மைக்கோட சத்தம், அக்கா. பதினைந்தாயிரம் வெள்ளி மைக்."

நான் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன். "தம்பி, என் வீடு அடுக்குமாடி. தரை முழுக்க டைல்ஸ். பக்கத்துல ரயில் ஓடும். அதெல்லாம் என்ன ஆகும்?" என்றேன். "எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்க்கா, ஏஐ" என்றான். எந்த மைக்கில் பதிவு செய்தாலும் அந்த விலை உயர்ந்த மைக் மாதிரி மாற்றுமா என்றேன். அதற்குத்தான் அவன் அந்தப் பதிலைச் சொன்னான். இந்த மலிவு மைக்குகளுக்குள் இருக்கும் கேப்ஸ்யூல், அதாவது ஒலியை வாங்கும் பகுதி, நியூமன் நிறுவனத்தின் கே 67 வடிவத்தைப் பார்த்துச் செய்தது, உள்ளே இருக்கிற பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், மிச்ச வித்தியாசத்தை மென்பொருள் சரி செய்துவிடும் என்றான். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். கேப்ஸ்யூல் விஷயம் உண்மை. அந்த ஒரு உண்மைதான் என்னை நம்பவைத்தது. "நம்ம ஆளுங்ககிட்ட நான் பொய் சொல்வேனாக்கா?" என்று வேறு கேட்டான்.

மைக், அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி பெட்டி, தாங்கி, மென்பொருள் எல்லாம் சேர்த்து 1,480 வெள்ளி. டுயிட்நவ் கியூஆரில் அங்கேயே கட்டினேன். ரசீதில் "ஆடியோ செட் 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். அதே மைக் இணையத்தில் 150 வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

வீட்டில் மாட்டிப் பேசினேன். ச, ஸ வரும் இடமெல்லாம் காதைக் குத்தியது. பின்னால் "ஸ்ஸ்" என்று ஒரே இரைச்சல். ஹாலின் எதிரொலி முழுவதும் அப்படியே பதிவாகியிருந்தது. மென்பொருளில் "யு 87"ஐத் தேர்ந்தெடுத்தேன். கனம் கொஞ்சம் கூடியது, குத்தல் கொஞ்சம் குறைந்தது. எதிரொலி போகவே இல்லை. குளியலறைக்குள் பேசினதற்கு மெருகு போட்ட மாதிரி இருந்தது. பாலர் பள்ளிக்கு அனுப்பினேன். "பழைய மாதிரியே கைப்பேசியில பண்ணிக் குடுங்களேன்" என்று பதில் வந்தது. இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அப்புறம்தான் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே எழுதுகிறேன். இது தெரிந்தால் வேறு யாரும் சிக்கமாட்டார்கள்.

கே 67 கேப்ஸ்யூல் 1960இல் வந்த யு 67 மைக்குக்காகச் செய்தது. அது கூர்மையான ஒலிகளை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். அதனால் நியூமன்காரர்கள் உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் அதைத் தணித்துச் சமன் செய்தார்கள். மலிவு மைக் செய்பவர்கள் பலர் கேப்ஸ்யூலின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தணிக்கும் சர்க்யூட்டை விட்டுவிடுகிறார்கள். ச, ஸ குத்துவது இதனால்தான். இந்தக் குத்தலை மென்பொருள் குறைக்கும், அது உண்மை. கூர்மையான ஒலி, கனமான ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் சாதாரண ஈக்வலைசரே அதைச் செய்யும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் மைக் என்பது நேர் எதிரே வரும் ஒலிக்கு மட்டும் இல்லை. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வருவதை அது எப்படி வாங்குகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். சுவரில் பட்டுத் திரும்பும் என் குரல் பக்கத்திலிருந்துதான் மைக்குக்குள் போகிறது. எல்லாம் ஒரே தடத்தில் கலந்து பதிவான பிறகு, எது நேரே வந்தது, எது சுவரில் பட்டு வந்தது என்று பிரித்து ஒலியின் தன்மையை மாற்ற அந்த மென்பொருளால் முடியாது. வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கீழ்ஸ்தாயி கூடும், தள்ளினால் குறையும். கதை சொல்லும்போது தலை ஆடாமலா இருக்கும்? அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு மாதிரி. மென்பொருள் ஒரே தூரத்தை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது.

இந்தத் தொழில்நுட்பமே பொய் என்று நான் சொல்லவில்லை. பாடகர்களின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளைச் செய்த ஆன்டாரஸ் நிறுவனம், ஒரு மைக்கின் ஒலியை இன்னொரு மைக் மாதிரி மாற்றும் மைக் மாடலர் என்ற ஒன்றை இருபது வருடத்துக்கு முன்பே விற்றது. பிறகு ஸ்லேட் டிஜிட்டல், ஸ்ஃபியர் எல் 22 போன்றவை வந்தன. ஆனால் பிறகு வந்த இவை மென்பொருளோடு சொந்த மைக்கையும் சேர்த்துத்தான் விற்பனைக்கு வந்தன. எதிலிருந்து மாற்றுகிறோம் என்று தெரிந்தால்தானே எதுவாக மாற்றுவது என்று கணக்குப் போட முடியும்? எல் 22இல் முன்னும் பின்னும் பார்க்கிற இரண்டு பக்கமும் தனித்தனித் தடங்களில் பதிவாகும். அதனால்தான் எந்தத் திசையை எவ்வளவு வாங்குவது என்பதைக்கூடப் பிறகு மாற்ற முடிகிறது. எனக்குக் கொடுத்த மென்பொருளின் பட்டியலில் என் மைக் பெயரே இல்லை!

இரைச்சலும் அப்படித்தான். அது மைக்கிலேயே பிறப்பது. மென்பொருள் மேல்ஸ்தாயியைத் தூக்கினால் இரைச்சலும் கூடவே தூக்கும். இதில் விலையை வைத்துக்கூடச் சொல்ல முடியாது. இப்போது விற்கும் யு 87 மாடலின் சொந்த இரைச்சல் 12 டெசிபல், அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபல்தான். எனக்குக் கொடுத்த யுஎஸ்பி பெட்டியின் மேல், மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம் 48 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார், அதில் பாதிகூட வரவில்லை. மைக்குக்குச் சரியான மின்சாரமே போகவில்லை.

ஏஐ சுத்திகரிப்பும் போட்டுப் பார்த்துவிட்டேன். எதிரொலி போகிறது, ஆனால் பேசுவது நான் இல்லை. ழகரம் எல்லாம் ளகரமாகிவிடுகிறது, வரிக் கடைசியில் வரும் மகர மெய் காணாமல் போகிறது. பிள்ளைகள் உச்சரிப்பு கற்றுக்கொள்ளும் கதைகளில் இதைக் கொடுக்க முடியுமா?

இன்னும் ஒன்று சொல்கிறேன், இதுதான் என்னைக் கொதிக்கவைத்தது. கடையில் கேட்ட இரண்டு பதிவுகளையும் அன்றே அந்தத் தம்பி எனக்கு அனுப்பியிருந்தான். அண்ணன் அவற்றைத் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டார். இரண்டாவது பதிவு நன்றாகச் சத்தம் கூட்டி வைத்தது. சத்தம் கூடினாலே காதுக்கு நல்லதாகத்தான் கேட்கும். அதுகூடப் போகட்டும். மூச்சு விடும் இடங்கள் வேறு வேறாக இருந்தன! ஒரே பதிவுக்கு மென்பொருள் போட்டால் மூச்சு எப்படி இடம் மாறும்? இரண்டும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தது. "இது வேற ரூம்மா, வேற மைக்காத்தான் இருக்கணும்" என்றார் அண்ணன். தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

கடைக்குச் செய்தி போட்டேன். முதல் பதில்: "அக்கா, உங்க ரூம் சரியில்ல, ஃபோம் ஒட்டணும், நம்மகிட்டயே 260 வெள்ளிக்கு இருக்கு." எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன அதே வாய். அந்த மெல்லிய ஃபோம் கூர்மையான எதிரொலியைத்தான் கொஞ்சம் உறிஞ்சும், அறையின் முழக்கத்தை ஒன்றும் செய்யாது. அடுத்த பதில், லேப்டாப் பழையது. அதற்கடுத்தது, நான் மைக்கைத் திருப்பி வைத்துப் பேசுகிறேனாம். பணத்தைக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டதும் பேச்சு மாறியது. "மென்பொருள் ஓபன் பண்ணியாச்சுக்கா, ரிட்டர்ன் கிடையாது."

நேரில் போனேன். அந்தத் தம்பி இல்லை. கல்லாவில் இருந்த அம்மா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில ஆடியோ செட்டுன்னுதான் இருக்கு, செட்டு வேலை செய்யுதுல்ல?" என்றார். இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். "அதெல்லாம் பாஸ்கிட்ட பேசுங்க." பாஸ் எப்போது வருவார்? "சொல்ல முடியாது." பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்ததால் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். 1,480 வெள்ளி கொடுத்தவளை! இதற்கிடையில் மென்பொருளும் நின்றுபோனது. முழு உரிமம் என்று சொன்னது வெறும் சோதனைப் பதிப்பு. அதைக் கேட்டதிலிருந்துதான் நீலக் குறியோடு நிறுத்திவிட்டார்கள்.

1,480 வெள்ளி எனக்குச் சின்னப் பணம் இல்லை. கதைப் பதிவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. அதில் வீட்டுக்கு ஏற்ற டைனமிக் மைக் ஒன்றும் ஒழுங்கான ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்றும் வாங்கி, மீதியில் சுவரோரம் தொங்கவிடக் கனமான திரைச்சீலையும் வாங்கியிருக்கலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் அறைச் சத்தம் குறைவாகத்தான் ஏறுமாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலை, அந்த மைக்கில், உங்கள் கண் முன்னால் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வைத்திருக்கும் பதிவை நம்பாதீர்கள். இரண்டையும் ஒரே சத்த அளவில் கேளுங்கள். ரசீதில் மைக்கின் பெயர், மாடல், மென்பொருள் உரிமம் எல்லாம் எழுதாமல் பணம் கட்டாதீர்கள். அவர்கள் வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இரண்டு பதிவுகளும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன. மேல்மாடிக் கடை, "ஆடியோ செட்" ரசீது, "யு 87" பேச்சு என்று உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால், திங்கட்கிழமைக்குள் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.