லோ வோல்ட்டேஜ் வீட்டில் ஸ்டெபிலைசர்: பொருள்கள் பிழைத்தன, பில் குறையவில்லை

தஞ்சாவூர் பக்கத்துக் கிராமம். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனில் கடைசிக் கம்பம் எங்களுடையது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டுக்குள் 170, 180 வோல்ட்தான் வரும். நள்ளிரவில் எல்லாரும் மோட்டாரை நிறுத்திவிட்டால் அதே லைனில் 250ஐத் தாண்டும். அதனால்தான் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் 5 கேவிஏ ஸ்டெபிலைசர் மாட்டினோம். சில வருடங்களாக ஓடுகிறது.

முதலில் ஃபிரிட்ஜ். வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டாரின் இழுவை வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வரவேண்டிய 230க்குப் பதில் 180 வந்தால் கிளம்பும் பலம் 60 சதவீதம்தான் இருக்கும். கம்ப்ரசர் சுற்ற முடியாமல் 'ம்ம்ம்' என்று முனகும், கரண்டை அதிகமாக இழுக்கும், சூடேறி ஓவர்லோடு (அதைக் காக்கும் சுவிட்ச்) விழும், ஆறியதும் மறுபடி முயலும். காயில் எரிவது இப்படித்தான். ஸ்டெபிலைசர் வந்த பிறகு அந்த முனகல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் சப்ளை கொடுக்கும். உள்ளே கேஸ் அழுத்தம் இறங்க அந்த நேரம் தேவை. இந்த டைம் டிலே இல்லாத ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜுக்கோ ஏசிக்கோ வாங்காதீர்கள்.

ஒரு மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் அறுந்தது. நியூட்ரல் போனால் 230 வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரைகூட ஏறலாம். எங்கள் பக்கம் ஸ்டெபிலைசரின் ஹை கட்-ஆஃப் (வோல்ட்டேஜ் மிஞ்சினால் சப்ளையை நிறுத்துவது) உடனே விழுந்தது. எதிர் வீட்டில் டிவியும் செட்டாப் பாக்ஸும் போய்விட்டன. ஆனாலும் இதற்கென்றே ஓவர் வோல்ட்டேஜ் ரிலே ஒன்றைத் தனியாகப் போடுவதுதான் முறை. 400 வோல்ட்டைத் தாங்கும் வேலை ஸ்டெபிலைசருடையது அல்ல.

இப்போது பில். விற்கும்போது "கரண்ட் மிச்சமாகும்" என்பார்கள். பிரிட்டன் மாதிரி 240ஐ ஒட்டியே சப்ளை வரும் இடங்களில் அதைக் கொஞ்சம் இறக்கினால் சில சாதனங்களில் மிச்சம் இருக்கலாம். நம் ஊர் லோ வோல்ட்டேஜில் கதையே வேறு. 180ஐ 230 ஆக்கினால் பழைய சீலிங் ஃபேன் வேகமாகச் சுற்றும், அதற்கேற்ற யூனிட்டையும் எடுக்கும். வாட்டர் ஹீட்டர் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான். தண்ணீரைச் சூடாக்கத் தேவையான மின்சாரம் மாறாது. எல்ஈடி பல்பு, பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்ட் எடுக்கும் புது வகை), இன்வெர்ட்டர் ஏசி எல்லாம் வோல்ட்டேஜ் எப்படி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வாட்டைத்தான் எடுக்கும்.

இதோடு ஸ்டெபிலைசரும் சாப்பிடுகிறது. உள்ளே இருப்பது டிரான்ஸ்பார்மர். லோடே இல்லாவிட்டாலும் சூடாகும். 30 வாட் என்று வைத்தால் 60 நாளில் 43 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டை இதுவே அடுத்த கட்டணப் பிரிவுக்குத் தள்ளிவிடும். உங்களுடையது எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க, ஸ்டெபிலைசரிலிருந்து வீட்டுக்குப் போகும் எல்லா எம்சிபியையும் (போர்டில் உள்ள டிரிப் சுவிட்ச்) இறக்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று எழுதிய மீட்டரில் 37 வினாடிக்கு ஒருமுறை மின்னினால் 30 வாட்.

பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கும் சின்னப் பெட்டியை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதற்குள் இருப்பது ஒரு கெபாசிட்டர். வீட்டு மீட்டர் கணக்கிடுவது கிலோவாட் மணியை. கெபாசிட்டர் அதில் எதையும் குறைக்காது.

200க்கும் 250க்கும் நடுவில் சப்ளை நிற்கும் வீட்டுக்கு முழுவீட்டு ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. ஃபிரிட்ஜுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போதும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று பின்னால் அச்சிட்ட டிவிக்கு லோ வோல்ட்டேஜ் ஒரு பொருட்டே அல்ல. எங்களைப் போல லைன் கடைசியில் இருப்பவர்கள் வாங்கலாம், ஆனால் முதலில் லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்தில் ஜாயிண்ட் லூசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போது காப்பர் காயிலா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். இடிக்கு இது காப்பு அல்ல; அதற்கு நல்ல எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் தனியாகப் போட வேண்டும்.