பழைய ஜீன்ஸைக் கொடுத்து ரஜாய் தைக்கச் சொல்பவர்கள் கவனத்துக்கு

குளிர்காலம் நெருங்கினால் போதும், "உங்கள் பழைய ஜீன்ஸை ரஜாயாகத் தைத்துத் தருகிறோம்" என்று தில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். ரஜாய் என்பது இங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் கனத்த போர்வை. அப்படி ஒருவரிடம் கொடுத்துப் பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போனது என் அப்பாவின் துணி.

அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். எண்பதுகளில் வெளிநாட்டுத் துறைமுகங்களில் வாங்கிய ஜீன்ஸ், எல்லாம் கனமான முழுப் பருத்தி டெனிம். அவர் போன பிறகு அம்மா அவற்றை டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அம்மா இப்போது மயூர் விஹாரில் எங்களோடு இருக்கிறார். ஜனவரிக் குளிர் அவருக்குத் தாங்குவதில்லை. அதனால் அப்பாவுடையதோடு என் கணவர், மகனுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு ஜீன்ஸ் கொடுத்தோம். ஒற்றைக் கட்டில் அளவுக்கு அது போதும். ஏழு அங்குலச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால், ஐந்தடிக்கு ஏழரை அடி ரஜாய்க்கு 150 துண்டுகள் வேண்டும்.

முகப்பு முழுக்க எங்கள் துணி, அடியில் பருத்தி ஃபிளானல், நடுவில் பஞ்சு கிடையாது, மிச்சத் துணி திரும்பி வரும் என்பதுதான் பேச்சு. கூலி 6,500 ரூபாய், அதில் 4,000 முன்பணம். மீதியை வாங்கிக்கொண்டுதான் பொட்டலத்தைக் கொடுத்தார்கள்.

பிரித்த உடனே அம்மா கேட்டது, "பாக்கெட் தடம் எங்கேடி?" என்றுதான். பல வருஷம் போட்ட ஜீன்ஸில் பின்பாக்கெட்டைப் பிரித்தால், அதன் அடியில் மட்டும் நிறம் மங்காமல் அடர் நீலமாக இருக்கும். தொடைப்பக்கம் வெளுத்திருக்கும், முழங்காலில் நூல் தேய்ந்திருக்கும். இதையெல்லாம் எந்த மெஷினும் புதுத் துணியில் அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பெரும்பாலான துண்டுகள் ஒரே நீலம், ஒரே மினுமினுப்பு. எங்கள் துணி ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் இருந்தது. அதிலும் அப்பாவுடையது என்று அம்மாவால் சொல்ல முடிந்தது ஒரே ஒரு துண்டு.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துண்டைக் குறுக்கே இழுத்தால் ரப்பர் போல நீண்டது. ஸ்ட்ரெச் டெனிமில் எலாஸ்டேன் என்ற நீளும் இழை, குறுக்கே ஓடும் ஊடை நூலில்தான் இருக்கும், அதனால் குறுக்குவாட்டில் நீளும். அப்பாவின் ஜீன்ஸ் அப்படி நீளவே நீளாது. அடித்துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையும் உதிர்கிற சாம்பலும் வரும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. பாலியஸ்டர். உள்ளே ஃபைபர் பஞ்சு திணித்திருந்தார்கள். கனமான டெனிமில் இந்த அளவு ரஜாய், பஞ்சே இல்லாமல் இரண்டரை மூன்று கிலோ வரும். இது உப்பலாக இருந்தது, கையில் எடுத்தால் கனமே இல்லை.

முதல் அலசலில் சாயம் போய், கூடப் போட்டிருந்த வெளிர் நிறப் போர்வையும் பாழாயிற்று. டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நூல் மட்டும்தான் இண்டிகோ என்ற நீலச் சாயத்தில் முக்கப்படுகிறது. அந்தச் சாயம் நூலின் நடுவரை இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கும். அதனால் புதுத் துணி நிறையச் சாயம் விடும். முப்பது வருஷம் துவைத்த ஜீன்ஸ் அவ்வளவு விடாது. அது எங்கள் துணி இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தையலுக்குக் கால் அங்குலம்தான் விட்டிருந்தார்கள். டெனிம் பிசிறு விடுகிற துணி என்பதால் மூலைகளும் பிரிய ஆரம்பித்துவிட்டன.

போன் செய்தேன். தைத்துக் கொடுத்தவரும் தமிழ்தான். "பழசெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு அக்கா, ஊசி வெச்சாலே கிழியுது. அதான் வேற துணி சேர்த்தேன்" என்றார். கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து "சூப்பர் துணி அக்கா" என்று சொன்னதும் அவர்தான். மிச்சம் எங்கே என்று கேட்டால் குப்பையில் போட்டுவிட்டாராம்.

தில்லியில் பழைய துணிக்கு விலை உண்டு. ரகுபீர் நகரில் விடிவதற்கு முன்பே பழைய துணிச் சந்தை கூடிவிடும். வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்து வாங்கிய துணி அங்கேதான் விற்பனைக்கு வரும். புது வெட்டுத்துண்டு வேண்டுமென்றால் மங்கோல்புரி கத்ரன் சந்தை இருக்கிறது. எங்கள் ஜீன்ஸ் எங்கே போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நல்ல ஜீன்ஸை விற்றுவிட்டு மலிவான துண்டில் தைப்பது இந்த ஊரில் எவ்வளவு எளிது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில், மிசூரி பெட்வே என்ற பெண் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி 1942இல் போர்வை தைத்தார். அது இன்றும் பேசப்படுகிறது. அம்மா கேட்டதும் அதைத்தான். புது டெனிமில் அழகாகத் தைத்துத் தந்தாலும் எங்களுக்கு அது வேண்டாம்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், துணியை எடை போட்டு, எத்தனை உருப்படி, எத்தனை கிலோ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஜீன்ஸையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். முடிந்தால் துண்டுகளை நீங்களே வெட்டி, பின்புறம் தையலுக்குள் மறையாத இடத்தில் துணி மார்க்கரால் ஒரு குறி போட்டுக் கொடுங்கள். அடித்துணி வைப்பதற்கு முன் முகப்பின் இரண்டு பக்கத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு இனிமையாக "அக்கா" என்றாலும் சரி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு 2,000 ரூபாய் திரும்பி வந்தது. துணி வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். வந்த ரஜாயையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அதுவும் சாட்சிதான்.