மைக் இல்லாத கச்சேரிக்கு ஒரு மைக்செட்காரனின் மதிப்பெண்

சபாக்களில் சவுண்ட் போடுவது என் தொழில். அப்படிப்பட்டவன் மைக் இல்லாத கச்சேரியைப் புகழ்ந்து எழுதினால், கசாப்புக் கடைக்காரன் ஜீவகாருண்யம் பேசுகிற மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். சென்னை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடக்குமே, சுந்தரம் ஃபைனான்ஸ் பல வருஷமாக நடத்தும் அந்தக் கச்சேரியைத்தான் சொல்கிறேன். பாட வருவது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். டிக்கெட் கிடையாது. எட்டு மணிவாக்கில் மங்களம் பாடி எழுந்துவிடுவார்கள்.

பிப்ரவரியில் நான் கேட்டது மூன்று பேர் கச்சேரி. பாட்டு ஒரு பெண், பதினாறு வயதிருக்கும். வயலின் அவளைவிடக் கொஞ்சம் சின்னவன். மிருதங்கப் பையனுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை. பெயர் போடவில்லை, பிள்ளைகள் இன்னும் வளர்கிற வயசு. தவிர, நான் எழுத வந்தது பாதிக்கு மேல் கேட்டவர்களைப் பற்றித்தான்.

காரணம் இருக்கிறது. மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் எப்போதும் ஹாலின் பின்பக்கம்தான் இருக்கும். வருஷம் முழுக்க நான் பார்ப்பது ரசிகர்களின் பின்மண்டையை. தலை ஆடுகிறதா, யார் எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் தெரியும். பூங்காவில் சதுரங்கக் கட்டம் போட்ட இடத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். எல்லார் முகமும் தெரிந்தது.

முதலில் எங்கே உட்காருவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபெல் இறங்கும். ஹாலில் சுவரும் கூரையும் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். இங்கே மேலே ஆகாயம், பக்கத்தில் மரம். ஆகவே முன்னால் மூன்று வரிசை வரைதான் கச்சேரி, அதற்குப் பின்னால் வாக்கிங். வழக்கமாக நம் ஆட்கள் முன் வரிசையைக் காலியாக விட்டுவிட்டு ஓரத்து நாற்காலியைத் தேடுவார்கள், நடுவில் எழுந்து போக வசதியாக. இங்கே தொடக்கப் பாட்டான வர்ணம் முடிவதற்குள் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. காதில் விழவில்லை, வந்தார்கள்.

வர்ணம் மோகன ராகத்தில் 'நின்னுக்கோரி'. உள்ளதைச் சொன்னால், அந்த ஐந்து நிமிஷமும் மிருதங்கக் கச்சேரிதான் நடந்தது. பையன் சபாவில் வாசிக்கிற பலத்தில் வாசித்தான். பெண்ணின் குரல் அடியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வயலின் வில் மேலும் கீழும் போவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. என் கை பழக்கதோஷத்தில் மிக்ஸரில் சத்தத்தை இறக்கும் ஃபேடரைத் தேடியது. அப்போது முதல் வரிசையில் குல்லாய் போட்ட ஒரு மாமா, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து இரண்டு தடவை மெதுவாக அமுக்கிக் காட்டினார். பையன் பார்த்துவிட்டான். காது சிவந்தது. அடுத்த பாட்டுக்கு மிருதங்கத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தொப்பி என்கிற இடதுபக்கத்தில் கையைப் பதிக்காமல் விரலால் மட்டும் தொட்டு வாசித்தான். சபாவில் இந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாவது பிலஹரி, பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'பரிதானமிச்சிதே'. கண்டசாபு, ஐந்து எண்ணிக்கைத் தாளம். இந்தத் தாளத்துக்கு ஒரு மிடுக்கு உண்டு, கேட்கிறவர் கால் தானாக அசையும். இங்கே அசைந்தது வெறும் கால் மட்டுமல்ல. ட்ராக் சூட் போட்ட ஒருவர் ஃபோனில் சினிமாப் பாட்டை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு சுற்று வந்துகொண்டிருந்தார். முதல் சுற்றில் எங்களைத் தாண்டினார், பத்துப் பேர் திரும்பி முறைத்தார்கள். இரண்டாவது சுற்றில் சத்தத்தைக் குறைத்திருந்தார். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார். கைக்கடிகாரத்தில் நடைக்கணக்கை நிறுத்தியதைப் பார்த்தேன். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடியும்வரை நின்றே கேட்டார். நாற்காலி கொடுத்ததற்கு, "வேண்டாம் சார், வேர்த்திருக்கு" என்று சொல்லிவிட்டார்.

சாவேரிக்கு வந்ததும்தான் இந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு உறைத்தது. பெரியசாமித் தூரனின் 'முருகா முருகா என்றால் உருகாதோ'. மிஸ்ரசாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். மைக்கில் பாடும்போது வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டே பாடிவிடலாம், கருவி பார்த்துக்கொள்ளும். 'உ' என்று உதட்டைக் குவித்தால் போதும், மீதியை நாங்கள் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவோம். மைக் இல்லையென்றால் மெய்யெழுத்தைத் தெளிவாகத் தள்ள வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது வரிசைக்கு வெறும் காற்றுதான் போகும். அந்தப் பெண் தள்ளினாள். 'உருகாதோ' என்ற இடத்தில் ரகரமும் ககரமும் தனித்தனியாக வந்து விழுந்தன. என் எதிரே இருந்த மாமி ஒருவர் சத்தமில்லாமல் கூடவே வாயசைத்தார். அவருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர், ஏழு எண்ணிக்கையை மூன்று, நாலு என்று தொடையில் பிரித்துத் தட்டிக்கொண்டிருந்தார். பூங்காவைப் பெருக்கும் அம்மா ஒருவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றவர், அனுபல்லவி முடிந்ததும் பொறுக்க மாட்டாமல், "பாப்பாவ இன்னும் கொஞ்சம் சத்தமா பாடச் சொல்லுங்க சார், இங்க கேக்கல" என்றார். அன்றைக்குக் கேட்டதில் நியாயமான விமர்சனம் இதுதான். பாடுகிற பெண்ணுக்கும் அது கேட்டது. சரணத்தில் குரலைத் திறந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சபாவில் பாடகர் முன்னால் மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும். அவருக்குக் கேட்பது அவர் குரலும் பக்கவாத்தியமும்தான். ரசிகர் 'ஆஹா' என்றாலும் 'ச்சு' கொட்டினாலும் மேடைக்கு ஏறாது. பாடகர் விரலை மேலே காட்டுவார், நாங்கள் ஏற்றுவோம். உடனே மிருதங்கக்காரர் தனக்குக் கேட்கவில்லை என்று விரலைக் காட்டுவார். வயலினும் விடுமா? ஒரு சபாவில் இப்படியே ஏற்றி ஏற்றி, கடைசியில் ஸ்பீக்கர் கூவ ஆரம்பித்து, முதல் வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. திட்டு எனக்கு. பூங்காவில் அந்தச் சண்டையே இல்லை. ரசிகர்தான் மானிட்டர். அவர் முகம் சுளித்தால் பிள்ளைகளுக்கு அங்கேயே தெரிகிறது, பூரித்தாலும் தெரிகிறது.

கச்சேரி மேடைக்கு மைக் வந்தே இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கப் பாடினால்தான் பிழைப்பு. 1933-ல் இருபத்தேழு வயதில் இறந்துபோன நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். அந்த உயரத்தில் இன்றைக்கு ஆண்களில் யார் பாடுகிறார்கள்? இப்போது தாழ்ந்த சுருதியில், ஒன்று, ஒன்றரைக் கட்டையில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டோம். அதில் தப்பொன்றும் இல்லை. மந்த்ர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், மெதுவாக ஒரு ஸ்வரத்தை நீட்டிக் கார்வை கொடுத்தாலும் பால்கனி வரைக்கும் போகிறதே, அதை நாங்கள்தான் சாத்தியமாக்கினோம். என் தொழிலை நான் விட்டுக்கொடுக்க முடியாது.

பிரதானம் தன்யாசி. ஆலாபனையில் பெண் பஞ்சமத்தில் நின்றாள். நன்றாகத்தான் நின்றாள். சரியாக அந்த நேரம் தலைக்கு மேலே ஒரு காக்கை, சுருதிக்குச் சம்பந்தமே இல்லாமல் கத்தியது. கூட்டம் சிரித்துவிட்டது. அவளும் சிரித்தாள், ஆனால் கார்வையை விடவில்லை. சிரிப்போடு அப்படியே நிஷாதத்துக்கு ஏறினாள். அன்றைய முதல் 'பேஷ்' அப்போதுதான் வந்தது, குல்லாய் மாமாவிடமிருந்து. அதற்கப்புறம் அவள் தோள் இறங்கிவிட்டது, பயம் போய்விட்டது. அதுவரை ஜாக்கிரதையாகப் பாடிய பெண், அதற்குப் பிறகு பாட்டாகப் பாடினாள்.

வயலின் பையன் பதில் வாசித்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயலினில் காண்டாக்ட் மைக் ஒட்டினால் நமக்குக் கேட்பது கம்பியின் சத்தம். மரத்தின் சத்தம் பாதிக்குப் பாதி போய்விடும். எத்தனை கூட்டிக் குறைத்தாலும் அது திரும்ப வராது. இங்கே அந்த மரம் கேட்டது. கீழ்க்கம்பியில் அவன் இழுத்த ஒரு பிடிக்கு, பின்னால் நின்றவர்கள்கூடக் கழுத்தை முன்னால் நீட்டினார்கள். சத்தம் குறையக் குறைய ஆட்கள் கிட்டே வருகிறார்கள். ஏற்றினால் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இதைச் சொல்லி என்னுடைய எந்தக் கட்சிக்காரரையும் நான் திருத்த முடியாது.

கீர்த்தனை 'சங்கீத ஞானமு'. மேடையிலேயே கற்பனை செய்து பாட வேண்டிய கல்பனா ஸ்வரம் கொஞ்சம் நீண்டுவிட்டது. இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, முன்னதாக முடித்திருந்தால் கைதட்டல் இன்னும் பலமாக இருந்திருக்கும். கணக்கு வழக்கு எல்லாம் சரியாகத்தான் வந்தது, ஆனால் வீட்டில் எழுதி மனப்பாடம் செய்தது என்று தெரிந்தது. வயசுக்கு அது சகஜம்.

தனி ஆவர்த்தனம் என்றால் சபாவில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்துவிடுவார்கள். இங்கே கேன்டீன் இல்லை, ஆகவே எல்லாரும் இருந்தார்கள்! எல்லாரும் தாளமும் போட்டார்கள். அதுதான் வினை. ஆதிதாளம்தான் என்றாலும் இடதுபக்கம் ஒரு கோஷ்டி கொஞ்சம் ஓடியது, வலதுபக்கம் நிதானமாக வந்தது. பையன் இரண்டு பக்கமும் பார்க்காமல் பாடகியின் கையை மட்டுமே பார்த்து வாசித்தான். கெட்டிக்காரன். மூன்று தடவை வாசித்து முடிக்கும் கோர்வையில் மூன்றாவது தடவை முடியும் முன்பே ஒருவர் அவசரப்பட்டுத் தட்டிவிட, பையன் அசரவில்லை. பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுபோய்ச் சரியாக வைத்தான். பனிக்காலக் காலை ஈரத்தில் தோல் தளர்ந்து வலந்தலையின், அதாவது வலதுபக்கத்தின், சுருதி இறங்கும். பாட்டுக்கு நடுநடுவே கல்லையும் குச்சியையும் எடுத்துத் தட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தான். நேரம் ஆகிறதே என்று ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்தான் அம்மாவிடம், "அந்த அண்ணா ஏன் அத அடிக்கறார்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்.

'சின்னஞ்சிறு கிளியே' யாரோ கேட்க, ஒரு சரணம் பாடினாள். அப்புறம் மங்களம்.

முடிந்த பிறகு நடப்பது இன்னொரு கச்சேரி. பெரியவர்கள் பிள்ளைகளைச் சூழ்ந்துகொள்வார்கள். அதிகம் காதில் விழுந்தது "நன்னா இருந்தது" என்பதுதான். அது ஆசீர்வாதம், விமர்சனம் இல்லை. அடுத்தபடியாக, "யார்கிட்ட கத்துக்கறே?" குரு பெயரைக் கேட்டுக்கொண்டுதான் சிலர் கச்சேரி எப்படி இருந்தது என்றே முடிவு பண்ணுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. பாட்டு அவள் பாடியது.

ஆனால் குல்லாய் மாமா காத்திருந்து கடைசியாக வந்தார்.

"சாவேரியில ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுதும்மா. தன்யாசி ஸ்வரத்துல நீ எங்க மூச்சு விடறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியப்படாது."

"எந்த இடம் மாமா?"

அவர் தாளம் போட்டு அந்த இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். குரல் நடுங்கியது, ஸ்வரம் நடுங்கவில்லை. அவள் அங்கேயே திருப்பிப் பாடினாள், மூச்சை ஒரு இடம் தள்ளி வைத்து. "ம்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மிருதங்கப் பையனைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒரு தடவை அமுக்கிக் காட்டினார், பையன் சிரித்தான்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் குறைத்தது ரசிகர்களில் இரண்டு சாராருக்காக. ஒன்று, மரத்தடியில் நின்று ஃபிளாட் விலையைப் பேசித் தீர்த்தவர்கள். மைக் இல்லாத கச்சேரியில் உங்கள் பேச்சும் பாட்டும் ஒரே அளவு சத்தம், ஐயா. இன்னொன்று, முதல் வரிசைக்கும் முன்னால் மண்டியிட்டு, ஃபோனைத் தூக்கிப் பிடித்து, முழுக் கச்சேரியையும் படம் பிடித்த சொந்தக்காரர்கள். ஃபோன் நேராக மிருதங்கத்தின் முன்னால் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் போட்டால் பாட்டு கேட்காது, மிருதங்கம்தான் கேட்கும். பதிவு செய்தே ஆகவேண்டும் என்றால் ஃபோனைப் பாடுகிறவர் பக்கம் நாலு அடி தள்ளி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.

போகிறவர்களுக்கு: ஆறே முக்காலுக்கே போய்விடுங்கள். சுருதி சேர்ப்பதையும் கேட்கலாம், முன்னால் இடமும் கிடைக்கும். முழுக்கை சட்டை நல்லது, கொசுவுக்கு ராகம் தெரியாது. முடிந்ததும் அருண்டேல் தெரு ராயர் கஃபேக்கு நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே கூட்டம் இருக்கும், பரவாயில்லை, காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் கச்சேரியிலிருந்து வந்தவர்கள்தான், சாவேரியைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பார்கள்.